ஈயம்மா

பழைய ஆஸ்பத்திரிக் கட்டிடத்தை இடித்துக்கொண்டிருந்த காண்ட்ராக்டர் பல விதமான ஆட்களைப் பார்த்தவர். மர நிலைக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருபவர்கள், ஜன்னல் கம்பிக்குச் சண்டை போடுபவர்கள், செங்கல்லைத் தட்டிப் பார்த்து 'சொத்தை' என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுநாள் லாரியோடு வந்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகிறவர்கள் என்று எல்லாரும் அவருக்குப் பழக்கம். ஆனால் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்ட கறுத்த தண்ணீர்க் குழாய்களின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நகத்தால் கீறிப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக மகிழ்ந்துபோன ஒரு பெண்ணை அவர் அன்றுதான் பார்த்தார்.

"இந்தக் குழாயெல்லாம் எப்ப போட்டது?" என்று அவள் கேட்டாள்.

"கட்டடம் கட்டும்போதே போட்டதும்மா. நூறு வருஷம் தாண்டியிருக்கும். அடிமாட்டு விலைக்குத்தான் போகும்."

"வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. இதே எடைக்குப் புது ஈயம் தர்றேன்."

காண்ட்ராக்டர் காதில் விழுந்ததை ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். "பழசுக்குப் புதுசா?"

"ஆமா."

"கிலோவுக்குக் கிலோ?"

"கிலோவுக்குக் கிலோ. வேணும்னா கொஞ்சம் கூடவே தர்றேன்."

அவர் மெல்ல நகர்ந்து, லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஆளிடம் குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மாவுக்கு உடம்பு ஏதாவது..."

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவங்க விஞ்ஞானி."

"ஓ," என்றார் காண்ட்ராக்டர், எல்லாம் விளங்கிவிட்டது போல.

லாரிக்குப் பக்கத்தில் நின்றவர், ஆய்வுக்கூடத்தில் கருவிகளைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றுகிறவர். அதனால் அவரை எல்லாரும் நைட்ரஜன்காரர் என்றார்கள். அந்தக் குழாய்களை ஏற்றி இறக்கியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் வளைந்து நடந்த அவர்தான், பழிக்குப் பழியாக அவளுக்கு 'ஈயம்மா' என்று பெயர் வைத்தார். ஒரு நாள் துறைத்தலைவர் வாயிலேயே அது தவறி வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

அவள் செய்ததில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. அணுக்கருவுக்குள் நடப்பதைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் சுற்றுப்புறத்தின் இரைச்சலை அடக்க வேண்டும். சுவரின் கல், தரையின் மண், வானத்திலிருந்து வருவது, அளப்பவளின் உடம்புக்குள்ளேயே இருக்கிற பொட்டாசியம், எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கதிர் வீசிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றைத் தடுக்கக் கருவியைச் சுற்றி ஈயத்தால் சுவர் எழுப்புவார்கள். அதிலும் ஒரு வம்பு உண்டு. புதிதாக உருக்கிய ஈயத்திலேயே கதிர் வீசும் ஈயம் ஒரு துளி கலந்திருக்கும். வேலியே பயிரை மேய்கிற கதை. அந்தத் துளி இருபது சொச்சம் வருடத்துக்கு ஒரு தடவை பாதியாகிக்கொண்டே போகும். நூறு வருடம் சுவருக்குள் முடங்கிக் கிடந்த குழாய் என்பது, கத்திக் கத்தி ஓய்ந்துபோன ஈயம். அவளுக்கு அதுதான் வேண்டும்.

இந்த வேலைக்கு அவள் தானாக ஆசைப்பட்டு வந்தவள் அல்ல. அவளுடைய அப்பாவுக்கு மகள் டாக்டராக வேண்டும். மதிப்பெண் கொஞ்சம் காலை வாரியதில் இயற்பியல்தான் கிடைத்தது. 'உப்புக்குச் சப்பாணியா ஒரு பட்டம்' என்று அப்பா நண்பர்களிடம் சொன்னார். கல்லூரியில் இரண்டாம் வருடம் ஒரு மதியம், கதிரை எண்ணும் கருவியை மேஜையில் வைத்து, அது டிக் டிக் என்று அடிப்பதைக் கேட்கச் சொன்னார்கள். மற்றவர்கள் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அவள் போகவில்லை. அடுத்த டிக் எப்போது வரும் என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது என்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. மனிதர்களில் அப்படி ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. அப்பா அடுத்து என்ன சொல்வார் என்பது அவளுக்கு எப்போதுமே தெரியும்.

ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியதும் அவள் ஒரு பேக்கரிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கீழே கடை, மாடியில் வீடு. கடையின் பின்கட்டில் அடுப்பும் மாவு பிசையும் மேஜையும். விடியும் முன்பே அவர் இறங்கிப் போய்விடுவார். முழங்கை வரை மாவோடு அவர் மேலே வரும்போது அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். அதிகம் பேசாத மனிதர். பேசுவதற்கென்று அந்த வீட்டில் அவருடைய அம்மா இருந்தார்.

மாமியார் கல்லாவில் உட்காருவார். யார் வீட்டுப் பெண் யாரோடு பேசினாள் என்பது முதல் எந்த டாக்டருக்குக் கைராசி என்பது வரை அந்தக் கல்லாவைத் தாண்டித்தான் தெருவுக்குள் போக வேண்டும். அப்படிப்பட்டவரிடம் ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர், "உங்க மருமக அணுகுண்டு செய்யுற இடத்துல வேலை பாக்குறாங்களாமே," என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து சட்டம் வந்தது. வேலையிலிருந்து வந்தால் முன்வாசல் கூடாது. பின்படி வழியாகத்தான் ஏற வேண்டும். குளித்துவிட்டுத்தான் அடுக்களை. குழந்தை பிறந்த பிறகு சட்டம் இன்னும் இறுகியது. பால் குடிக்கிற பிள்ளை வீறிட்டு அழும். அவள் ஈரத் தலையோடு ஓடி வருவாள்.

"அத்தை, நான் அளக்கிறதே ரொம்ப ரொம்பக் கொஞ்சமான கதிர். அதைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டமே," என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"கொஞ்சமோ நஞ்சமோ. ஊர் வாயை நீ வந்து மூடுவியா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பொறுமை போய், கையடக்கமான அளவுகருவி ஒன்றைக் கொண்டுவந்தாள். கடை மூடியிருந்தது. முதலில் தன் உடுப்பின் மேல் வைத்துக் காட்டினாள், ஒன்றுமில்லை. தலைமுடி, கைப்பை, செருப்பு, ஒன்றுமில்லை. பிறகு, வினையை விலைக்கு வாங்குவது போல, கடைமேடையின் கருங்கல் பலகை மேல் வைத்தாள். கருவி சற்று வேகமாக அடித்தது.

"பாத்தீங்களா? என்னைவிட இந்தக் கல்லுலதான் ஜாஸ்தி. அதுவே ஒண்ணும் செய்யாது."

மாமியார் கல்லைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். "அப்ப என் கடையில விஷம் இருக்குங்கற."

"ஐயோ இல்ல அத்தை..."

"முப்பது வருஷமா இந்தக் கல்லு மேல கை வச்சு சாப்பிட்டுப் பொழைச்சிருக்கோம். இன்னைக்கு நீ வந்து சர்டிபிகேட் குடுக்கிற."

கணவர் மாவு மேஜையைத் துடைப்பதில் மும்முரமாகிவிட்டார். பின்படியும் குளியலும் தொடர்ந்தன.

ஆய்வுக்கூடத்தின் அடித்தள அறையில் அவளுக்கு வேறொரு வாழ்க்கை. கனமான உலோகம் ஒன்றின் அணுக்கரு நிலையானது, அது ஒருபோதும் உடையாது என்றுதான் எல்லாப் புத்தகங்களும் சொல்லின. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது உடைய வேண்டும். என்ன, பிரபஞ்சத்தின் வயது அதற்கு ஒரு கண்சிமிட்டல். அத்தனை மெதுவாக. ஆனால் போதுமான உலோகத்தை ஒரே இடத்தில் குவித்து, போதுமான வருடம் உட்கார்ந்திருந்தால், எங்கோ ஒரு கரு உடையும்போது ஒரு கதிர் வரும். அந்தக் கதிருக்கென்று ஒரு குறிப்பிட்ட ஆற்றல் உண்டு. திரையில் அந்த இடத்தில் ஒரு கோடு எழும்ப வேண்டும். அதைப் பார்த்தால் போதும்.

இந்த யோசனை துறைத்தலைவருடையது. கருவி அவளுடையது. நல்ல மனிதர்தான் அவர். ஆளைத் திட்டிவிட்டு அன்று மாலையே தேநீர் வாங்கித் தருகிற ரகம். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கண்டுபிடிப்பைப் பாடம் நடத்தியே காலம் போய்விட்டது என்று அவருக்கு ஒரு குறை.

முதலில் உலோகம் இல்லாமல் வெறும் கருவியைச் சில மாதம் ஓடவிட்டாள். அது சுற்றுப்புறத்தின் இரைச்சல். பிறகு உலோகத்தை உள்ளே வைத்து ஓடவிட்டாள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மிச்சம் உலோகத்துடையது. கழித்தாள். எந்த இடத்தில் எழும்ப வேண்டுமோ அதே இடத்தில், சிறு பிள்ளை மணலில் கூட்டிய மேடு போல ஒரு கோடு நின்றது.

துறைத்தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு நெஞ்சு அடைக்குதும்மா," என்றார். அடுத்த வாரம் வெளியூர்க் கூட்டம் ஒன்றில் முந்திரிக்கொட்டை மாதிரி அதைப் பற்றிப் பேசியும் விட்டார். பத்திரிகைக்காரர் ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். 'அழியாத அணு அழிகிறது' என்று செய்தி வந்தது. அதைக் கத்தரித்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியவர் கணவர். மாமியார் அதைக் கிழிக்கவில்லை.

அவளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. கோடு சில வாரம் உயரமாக இருந்தது, சில வாரம் காணாமலே போனது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் அப்படித்தான் குதிக்கும், அதற்கெல்லாம் கணக்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்கு அனுமதிப்பதைவிட இது அதிகமாகக் குதித்தது. ஒரு மதியம் உயர்ந்த வாரங்களை மட்டும் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, நைட்ரஜன் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"போன மாசம் மூணாவது வாரம், கரண்ட்ல ஏதாவது கோளாறு பண்ணுச்சா?"

"கரண்டா? இல்லையே. அந்த வாரம் பன்னு வாரமாச்சே."

"என்ன வாரம்?"

"நீங்க பை நிறைய பன்னு கொண்டாந்தீங்களே, எல்லாருக்கும். எங்க வீட்டுக்குக்கூட எடுத்துட்டுப் போனேன்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. கடையில் பன் மிஞ்சினால்தான் அவள் கொண்டுவருவாள். மழை கொட்டினால், ஆள் வராமல், பன் மிஞ்சும்.

மண்ணுக்குள்ளிருந்து எப்போதும் ஒரு கதிர்வீசும் வாயு கசிந்துகொண்டிருக்கும். வெயில் காலத்தில் அது நிலத்தின் துவாரம் வழியாக வெளியே போய்விடும். மழையில் மண் ஊறி அடைபட்டால் அதற்குப் போக்கிடம், காய்ந்து கிடக்கும் கட்டிடத்தின் அடித்தளம்தான். அந்த வாயுவின் வழித்தோன்றல்கள் வீசும் நூறு கோடுகளில் நோஞ்சானான ஒன்று, அவள் தேடிய இடத்துக்கு ஒட்டிக்கொண்டு நின்றது. வெறும் கருவியை அவள் ஓடவிட்டது கோடை மாதங்கள். உலோகத்தை வைத்தது மழை மாதங்கள். அவள் கழித்தது கோடையை. மிச்சம் நின்றது மழை. வானிலை அலுவலகத்துக்குப் போய் மழையளவை வாங்கி வந்து பக்கத்தில் வைத்தபோது, இரண்டும் அண்ணன் தம்பி போல ஒட்டிப்போயின.

துறைத்தலைவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"மழையே இருக்கட்டும். கோடு முழுசும் மழைதான்னு உன்னால நிரூபிக்க முடியுமா?"

"முடியாது சார். ஆனா கோட்டுல கொஞ்சமாவது உலோகம்னும் சொல்ல முடியாது. வறண்ட மாசம் பூரா ஓட்டிப் பாத்துட்டு..."

"அதுக்கு ஒரு வருஷம் ஆகும்."

"ஆமா சார்."

"எனக்கு எவ்வளவு சர்வீஸ் இருக்குன்னு உனக்குத் தெரியும்."

அவளுக்கு அது தெரியும். அதனால்தான் அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டே, "என் பேரை எடுத்துட்டுக் கட்டுரையை அனுப்புங்க சார். ஆனா யாராவது கேட்டா நான் மழையைச் சொல்லத்தான் சொல்வேன்," என்றாள்.

கட்டுரை போகவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த ஆத்திரம் அவருக்கு. தேநீர் வாங்கித் தருகிற மனிதர் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு அவளைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றினார். அதாவது, ஆய்வுக்கூட வளாகத்தின் கடைசியில், சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் இருந்த அளவுதிருத்தப் பிரிவு. ஆஸ்பத்திரிகளின் கதிர் அளக்கும் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்து முத்திரை போட்டு அனுப்ப வேண்டும். அடித்தளத்தைப் பூட்டினார்கள். அவள் சேர்த்த பழைய ஈயம் கித்தானுக்கு அடியில் கிடந்தது.

வருத்தமில்லை என்று அவள் எல்லாரிடமும் சொன்னாள். பகலில் அது உண்மையாகவும் இருந்தது. கருவி சரியாக அளந்தால்தான் நோயாளிக்குச் சரியான அளவு மருந்து போகும், உருப்படியான வேலைதான். ஆனால் மழை பிடித்துக்கொள்ளும்போது மட்டும் அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். சாரல் உள்ளே வராத ஜன்னல் அது.

இப்படிச் சில வருடம் போன பிறகு மாமியாரின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டில் புற்று, நல்லவேளையாகக் குணமாகிற வகை. அறுவை முடிந்ததும், மிச்சம் மீதி இருப்பதைக் கருக்கக் கதிர்வீசும் அயோடின் மாத்திரை ஒன்றை விழுங்கச் சொன்னார்கள். விழுங்கினால் நாலைந்து நாள் தனியறை. அந்த நாட்களில் அவர் உடம்பே கதிர் வீசும். யாரும் கிட்டே போகக் கூடாது.

மாமியார் எதற்கும் அழுகிறவர் அல்ல. ஆனால் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியதும் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மகன் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் காரிடாருக்குப் போய்விட்டார். மருமகள் போகவில்லை. வாசலில் சக்கரம் வைத்த ஈயத் தடுப்பு ஒன்று இருந்தது. அதை இழுத்து வைத்துக்கொண்டு, நர்ஸ் அனுமதித்த நேரம் வரைக்கும் அதன் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நீ போ. உனக்கு ஒட்டிக்கும்," என்றார் மாமியார், சுவரைப் பார்த்தபடியே.

"ஒட்டாது அத்தை. எவ்வளவு தூரத்துல எவ்வளவு நேரம் உக்காரலாம்னு எனக்குக் கணக்குத் தெரியும். இந்த ஆஸ்பத்திரி மீட்டருக்கு முத்திரை போட்டதே நான்தான்."

மாமியார் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் இப்ப எவ்வளவு அடிக்கிறேன்?"

அவள் ஆஸ்பத்திரி மீட்டரைத் தடுப்புக்கு வெளியே நீட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தக் கருங்கல்லைவிடவா?"

"கல்லு உங்க கிட்டகூட வர முடியாது."

கட்டில் லேசாகக் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பயந்து எட்டிப் பார்த்தாள். மாமியார் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வாரம் போல அவர் தனியாக இருக்க வேண்டியிருந்தது. பேத்தி பள்ளியிலிருந்து வந்தால் கதவுக்கு வெளியிலிருந்தே பேச வேண்டும். சாயங்காலமானால் மருமகள் அறையின் மறுகோடியில் உட்கார்ந்து அளப்பாள். எண் தினமும் இறங்கியது. ரயில் வருகிறதா என்று கேட்பது போல மாமியார் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தொடங்கினார். அன்றைய எண் கல்லா வழியாகத் தெருவுக்கும் போனது. அப்படி ஒரு சாயங்காலம், இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"பேப்பர்ல வந்துச்சே, அந்த அணு. அதை ஏன் விட்டுட்ட?"

அவள் மழையைச் சொன்னாள். அடித்தளத்தைப் பூட்டியதைச் சொன்னாள். துறைத்தலைவர் ஒரு மாதம் பேசாததைச் சொன்னாள். யாரிடமும் அவள் அதை முழுசாகச் சொன்னதில்லை.

"சார் இப்பவும் அங்கதான் இருக்காரா?"

"ரிட்டையர் ஆகி எவ்வளவோ நாளாச்சு."

"அப்புறம் என்ன? ஒரு மாசம் அவர் பேசலைன்னு ஒதுங்கிட்ட. இத்தனை வருஷமா என் வாயைத் தாங்கின. அதைவிட அது கஷ்டமா?"

மருமகள் கருவியை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பின்படி வழியா ஏறச் சொன்னேன். ஒரு நாள்கூட முன்வாசல்ல வந்து நிக்கலை நீ. நின்னிருக்கணும்," என்றார் மாமியார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. அவருக்கு அதுவே அதிகம்.

அவள் புதுத் துறைத்தலைவரிடம் போனாள். இளைஞர். அடித்தளம் கிடைக்காது, அதைக் கணினி அறையாக மாற்றப் போகிறோம், அந்த ஈயத்தையும் அப்புறப்படுத்த வேண்டும் என்றார். இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்த அவள், "அப்ப வேற இடம் நானே தேடிக்கலாமா?" என்று கேட்டாள். தேடினால் கிடைக்கவா போகிறது என்று அவர் தலையாட்டிவிட்டார்.

அவள் தேடியது மழை பெய்யாத இடம். கிடைத்தது ஓர் உப்புச் சுரங்கம். பாதி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, பாதி வெட்டி முடித்துக் கைவிட்டது. தலைக்கு மேல் அத்தனை பாறை இருந்தால் வானத்திலிருந்து வருவது எட்டாது. உப்பில் கதிர் வீசும் சரக்கு மிகக் குறைவு. சுரங்க மேலாளருக்கு எழுதி, பேசி, நேரில் போய், மறுபடி எழுதி, கல்லில் நார் உரித்து ஒரு மூலையை வாங்கினாள். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை ஈயம் எங்கே இருப்பது?

"கடைக்குப் பின்னாடி பழைய விறகுக் கொட்டகை சும்மாத்தானே கிடக்கு. அங்க போடு," என்றார் மாமியார்.

"ஈயம் அத்தை. மாவு இருக்கிற இடம்..."

"கொட்டகை தனி, மாவு தனி. நல்லா சுத்திக் கட்டிப் போடு. பூட்டுச் சாவி என்கிட்ட இருக்கட்டும்."

தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றிய ஈயம் லாரியில் வந்து இறங்கியது. நைட்ரஜன்காரர் இந்தத் தடவை இடுப்புக்குப் பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மாமியார் கல்லாவை விட்டு எழுந்து வந்து நின்று, இப்படி வை, அப்படி வை என்று மேற்பார்வை பார்த்தார். தெருவில் கேட்டவர்களிடம், "மருமகளோட சரக்கு. விலை மதிப்பே கிடையாது," என்றார். அதைக் கேட்டு ஒருவன் பூட்டை உடைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றைக்கூடத் தூக்க முடியாமல் போட்டுவிட்டுப் போனது தனிக்கதை.

சுரங்கத்தின் கூண்டு லிஃப்டில் ஈயம் தவணை தவணையாக இறங்கியது. கீழே காற்று உலர்ந்து, உதட்டில் உப்புக் கரித்தது. விளக்கு படும் இடமெல்லாம் சுவர் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. வாயு சேராமலிருக்கக் கருவியைச் சுற்றி நைட்ரஜனை ஓடவிட்டாள். இந்தத் தடவை உலோகத்தை ஒரு மாதம் உள்ளே வைப்பாள், அடுத்த மாதம் வெளியே எடுப்பாள். கோடை, மழை எதற்கும் பாரபட்சம் இல்லாமல் மாற்றி மாற்றி வருடக் கணக்கில். வாரத்தில் மூன்று நாள் சுரங்கம், மிச்சம் அளவுதிருத்தப் பிரிவு. அதை அவள் விடவில்லை. விடச் சொன்னபோதும் விடவில்லை.

கோடு மெல்ல எழும்பியது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள்; இது அதைவிட மெதுவாக. உலோகம் உள்ளே இருக்கும் மாதத்தில் மட்டும், அந்த இடத்தில் மட்டும், ஒன்று, பிறகு பல நாள் கழித்து இன்னொன்று. அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கணவரிடம்கூட, "தூங்குது, நடுவுல புரண்டு படுக்குது," என்றுதான் சொன்னாள்.

முடிவுக்கு இன்னும் சில மாதம் இருக்கும்போது, வேறொரு நாட்டுக் குழு அதே கரு உடைவதைப் பார்த்துவிட்டதாக அறிவித்தது. அவள் அதைப் படித்தது சுரங்கத்தின் மேல் அறையில், தலையில் விளக்குத் தொப்பியோடு. கட்டுரையை முழுக்க வாசித்தாள். குறை கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தாள், அதை நினைத்து வெட்கப்பட்டாள். குறை இல்லை. சுத்தமான வேலை.

நைட்ரஜன்காரர் குடுவைகளோடு வந்தார். அவளைப் பார்த்து நின்றார். "என்ன ஆச்சு?"

"முந்திட்டாங்க."

"யாரு?"

"எங்கயோ இருக்கறவங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நைட்ரஜன் ஊத்தணுமா, வேண்டாமா?"

அவள் தொப்பியைக் கழற்றினாள். நெற்றியில் பட்டை பதிந்த தடம் இருந்தது. தேய்த்துவிட்டுக்கொண்டு மறுபடி மாட்டினாள். "ஊத்துங்க," என்றாள்.

மிச்ச மாதங்களையும் ஒரு நாள் குறைக்காமல் ஓட்டினாள். அவளுடைய எண்ணும் அவர்களுடைய எண்ணும், இரண்டுக்கும் உள்ள பிழையளவுக்குள், ஒத்துப்போயின. ஆய்வுக்கூடத்தில் அவள் அதை வாசித்த அன்று கடைசி வரிசையில் பழைய துறைத்தலைவர் வந்து உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல், காதுக் கருவி. கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினார்.

"எந்தெந்த மாசம்மா அளந்த?"

"எல்லா மாசமும் சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கூட்டம் முடிந்ததும் அவளை அழைத்துப் போய்த் தேநீர் வாங்கித் தந்தார். ஊன்றுகோலோடு எடுத்து வந்ததில் பாதி தட்டில் சிந்தியது. பழைய நாட்களைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவருடைய முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள்.

ஒரு மாதம் கழித்து வீட்டுத் தொலைபேசிக்கு வெளிநாட்டு அழைப்பு. முந்திக்கொண்ட குழுவின் தலைவி. இவளைவிடச் சற்று மூத்த குரல். உங்கள் முடிவு வரும் வரை எங்களுக்கே எங்கள் மேல் முழு நம்பிக்கை இல்லை என்றாள் அவள். முதல் இரண்டு வருடம் தங்கள் கோடு ஒன்று நடனமாடியது என்றும், ஒயர்களைப் பற்றவைக்கப் பயன்படுத்திய ஈயக் கம்பியிலேயே கதிர் வீசும் சரக்கு கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது என்றும் சொன்னாள். ஈயம்மா பன்னைப் பற்றிச் சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு கருவி, குழாய், பிடிவாதமான மேலாளர்கள், மூட்டுவலி என்று பேச்சு எங்கெங்கோ போனது. இரண்டு தரவுகளையும் சேர்த்து ஒரே கட்டுரையாக எழுதலாமா என்று அவள் கேட்டாள். யோசித்துச் சொல்வதாக இவள் சொன்னாலும், யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

மாவுக் கையோடு படியேறி வந்த கணவர், வெகுநேரமாகச் சிரிப்பும் பேச்சுமாக இருந்ததைக் கேட்டிருக்கிறார்.

"யாரு, உங்க சொந்தத்துலயா?"

"ஆமா," என்றாள் அவள். "தூரத்துச் சொந்தம்."

கீழே கடையில் மாமியார் யாரோ ஒருவரிடம், தன் மருமகள் பூமிக்கடியில் என்ன செய்கிறாள் என்பதைத் தப்பும் தவறுமாக விளக்கிக்கொண்டிருந்தார். அவள் திருத்துவதற்காக இறங்கிப் போனாள்.